நான் கேட்காமல் போன மறுபாதி

பாப்பா,

போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் செய்தபோது, அப்பா கழனிக்குப் போயிருக்கிறார் என்று உன் அம்மா சொன்னாள். அது பொய். நான் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் நீ பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். விசா வந்துவிட்டது, திங்கட்கிழமை விமானம், குளிருக்குக் கோட்டு வாங்கிவிட்டேன் என்று நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். என் நாக்கு இப்போது சரியாகப் புரள்வதில்லை. நான் இரண்டு வார்த்தை பேசினால் போதும், நீ கண்டுபிடித்துவிடுவாய். உன் படிப்பே வாய் நோயைப் பற்றித்தானே. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயால் ஆகாததை இப்போது கையால் செய்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கரும்பின் காய்ந்த இலையை, அந்தச் சோகையை, உரித்த கை, பேனாவைப் பிடித்து வெகு நாளாகிறது.

சுற்றி வளைக்கவில்லை. எனக்கு வாய்ப் புற்றுநோய். நாக்கின் இடது ஓரத்தில். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேச்சு எவ்வளவு தெளிவாக வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். உன்னிடம் சொல்லக் கூடாது என்பதுதான் இங்கே எல்லோருடைய முடிவும். சேதராப்பட்டு கம்பெனியில் வேலை பார்க்கிற உன் தாய்மாமன் நேரில் வந்து, "மாமா, பொண்ணு பிளேன் ஏறட்டும். அதுக்கு முன்னாடி வாயத் தொறந்துடாதீங்க. அவ பொயப்பு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லும்போது அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. உள்ளே புகையிலை. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன், ஆனால் எந்த யோக்கியதையில் அறைவது?

நீ வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. வருவதும் போவதும் உன் முடிவு. ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை வேறு யாராவது அரைகுறையாக உன் காதில் போட்டால் நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாய், பார்க்கிற வேலையை விட்டுவிடுவாய். எனக்கு நோயைவிட அதுதான் பெரிய பயம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், கடைசி வரை படி.

நான் புகையிலை போட ஆரம்பித்தது உன் வயதுக்கும் முன்னால். கரும்பு வெட்டு நடக்கிற நாட்களில் கூழ் வருவதற்குள் பசி குடலைப் பிடுங்கும். கொஞ்சம் புகையிலையைக் கிள்ளி இடது பக்கம் அடக்கிக்கொண்டால் பசி அடங்கிவிடும், தெம்பும் வந்தாற்போல இருக்கும். வெட்டு ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். பிறகு பசி இல்லாத நேரத்திலும் அது வேண்டியிருந்தது. நீ அஞ்சாவது படித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் வாங்கி வரச் சொல்லி உன்னிடம் காசு கொடுத்து அனுப்புவேன். ஒரு நாள் உன் புத்தகப் பையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய் அவரிடமே சண்டை போட்டேன். "எம் பொண்ணு எனக்கு வாங்கினு வருது, உனக்கு இன்னா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது அந்த வகுப்பறை அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது, பாப்பா. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் தைக்கு நீ வந்தாயே, அதற்கும் முன்பே என் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. நாக்கு ஓரத்திலும் கொஞ்சம் தடிப்பு. காரம் பட்டால் எரியும். நீ வந்த மறுநாளே போன் லைட்டை அடித்துக்கொண்டு, "வாயத் தொறப்பா, ஒரே நிமிஷம்" என்று எதிரில் நின்றாய். "நான் இன்னா மாடா, பல்லப் புடிச்சு வயசு பாக்க?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தேன். நீ விடவில்லை. நான் வலது பக்கம் மட்டும் கன்னத்தை இழுத்துக் காட்டிவிட்டு, கொப்பளிக்கப் போவது போல எழுந்துவிட்டேன். நீ காட்டச் சொன்னபோது காட்டியிருந்தால் அது வெறும் திட்டாக இருக்கும்போதே முடிந்திருக்கும். நான் அதை உன்னிடமிருந்து ஒளித்தேன். இது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு அன்றைக்கு மத்தியானம் நடந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வாரமாக டிரான்ஸ்பார்மரில் கோளாறு. மூன்று பேஸ் கரண்டும் சேர்ந்து வராமல் மோட்டார் ஓடவில்லை, புதுக் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. என் கண் முழுக்க மோட்டார் கொட்டகையில் தொங்குகிற அந்தச் சிவப்பு பல்பின் மேல்தான். லைன் வந்தால் அது எரியும், வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். நேரம் போக வேண்டுமே என்று, "அப்புடி இன்னாதான் பண்ற அந்த லேப்புல?" என்று உன்னைக் கேட்டேன். நீ சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தாய். நான் உன் வேலையைப் பற்றி அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை அல்லவா.

"அப்பா, ஆத்துல வெள்ளம் வந்தப்ப மூணு நாளு வூட்ட வுட்டு வெளிய போவ முடியல, ஞாபகம் இருக்கா? கேஸும் தீந்துபோச்சு, வெறகும் நனஞ்சிபோச்சு. அம்மா இன்னா பண்ணாங்க?" என்று கேட்டாய்.

"ஒடஞ்ச கட்டிலு, காலு போன பெஞ்சி, கரையான் அரிச்ச கதவு எல்லாத்தையும் வெட்டச் சொல்லி அடுப்புல வெச்சா" என்றேன்.

"அதேதாம்பா. நம்ம ஒடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லும் அப்புடித்தான் செய்யுது. பசி வந்தா தங்கிட்ட இருக்கற ஒடஞ்சது, கெட்டது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அரைச்சு, தன்னயே கொஞ்சம் தின்னு பொழச்சிக்கும். வூடும் சுத்தமாயிடும். அதுக்குப் பேரு ஆட்டோபேஜி. இப்புடி அப்பப்ப குப்பயக் கழிச்சிக்கற செல்லு அவ்ளோ லேசுல புத்துநோயா மாறாது. வாயில வர்ற புத்துநோய்ல இது இன்னா பண்ணுதுன்னுதான் நாங்க பாக்கறோம். ஆனா..."

அந்த 'ஆனா'வில் பல்பு எரிந்தது. நான் துண்டை உதறிக்கொண்டு ஓடினேன். பின்னால் நீ, "அப்பா, இன்னும் முடிக்கலப்பா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. "தண்ணி கட்டிட்டு வந்துடறேன்" என்றேன். மோட்டார் ஓடிய சத்தம் அன்றைக்கு எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? கடைசி சால் வரை தண்ணீர் பாய்ந்த பிறகுதான் திரும்பினேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். மீதியைக் கேட்கவில்லை. ஒன்றை இரண்டாவது தடவை கேட்பது எனக்குப் பழக்கமில்லை, அது உனக்கே தெரியும். பாதி போதும், மீதியை நானே புரிந்துகொள்வேன் என்கிற திமிர்.

என்ன புரிந்துகொண்டேன் என்றால், பட்டினி கிடந்தால் உடம்பு கெட்டதைத் தின்றுவிடும், வாயில் இருக்கிற திட்டும் கரைந்துவிடும். நீ கிளம்பிய வாரமே சனிக்கிழமை விரதம் ஆரம்பித்தேன். அப்புறம் செவ்வாய். அப்புறம் வாரத்தில் மூன்று நாள், தண்ணீர் மட்டும். பைக் கண்ணாடியில் வாயைப் பிளந்து திட்டைப் பார்ப்பேன். ஒரு வாரம் சின்னதாகத் தெரியும், எனக்குக் குஷியாகிவிடும். இதில் பைத்தியக்காரத்தனம் என்ன தெரியுமா? விரத நாளில் பசி தாங்காதபோது அதே இடத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சிரித்தால் வலிக்கிறது.

உன் அம்மா காரணம் கேட்டாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிட்டேன். அவளாகவே, பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் அமைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டாள். ஊரெல்லாம் சொன்னாள். கோயிலில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. நீ போனில், "எனக்காக யாரும் பட்டினி கெடக்க வேணாம், எனக்கு இப்ப கல்யாணமும் வேணாம்" என்று கத்தினாய். நான் சிரித்துக்கொண்டேன். உன் மருந்தைத்தான் சாப்பிடுகிறேன், உனக்கே தெரியவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஐப்பசி மழையில் நாக்கு ஓரம் புண்ணாயிற்று. அப்புறம் இடது காது வலித்தது. சொத்தைப் பல் என்று சொல்லிக்கொண்டேன். மார்கழியில் ஒரு நாள் காலையில் கரும்பு முற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கொல்லைக்குள் போனேன். மெஷின் வைத்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், நான் கடித்துத்தான் பார்ப்பேன். ஒரு கழியை ஒடித்து, தோலைச் சீவிக் கடித்தேன். இனிப்பே தெரியவில்லை. கையில் இருந்த கரும்பைப் பார்த்தால் வெள்ளைச் சதை முழுக்க ரத்தம். அந்தக் கரும்பைச் சோகைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, சால் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். வந்த பதிலை நீ ஊகித்திருப்பாய். டாக்டர் உன் வயதுப் பெண். "ஐயா, ஆபரேஷன் செஞ்சே ஆவணும். ஆனா ரத்தம் ரொம்பக் கம்மி, எடையும் இல்ல. இந்த ஒடம்புக்கு மயக்க மருந்து குடுக்கப் பயமா இருக்கு. ரெண்டு வாரம் நல்லா சாப்ட்டு வாங்க" என்று சொல்லி, எதைக் குடிக்க வேண்டும், எதைக் கரைத்துச் சாப்பிட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து என்ன செய்தேன் தெரியுமா? விரதத்தை இன்னும் கூட்டினேன். அந்த டாக்டருக்குத் தெரியாதது என் பெண்ணுக்குத் தெரியும் என்று நினைத்தேன். உன் அம்மா கரைத்துக் கொடுத்த கஞ்சியை, "ஆறட்டும்" என்று வாங்கி வைத்து, அவள் அந்தப் பக்கம் போனதும் மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். நம் பசுவுக்கு அந்த இரண்டு வாரம் நல்ல யோகம்.

இரண்டு வாரம் கழித்து எடை மெஷினில் நின்றால் மூன்று கிலோ குறைந்திருந்தது. டாக்டர் என் முகத்தை நேராகப் பார்த்து, "சாப்பிட முடியலையா, சாப்பிடலையா?" என்று கேட்டார். நான் மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினேன். "இப்புடியே எளச்சிக்கினே போனா நாங்க ஒண்ணுமே செய்ய முடியாமப் போயிடும், ஐயா" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, கண்ணில் கோபம் இல்லை.

திரும்பி வரும்போது தவளக்குப்பம் கூட்ரோட்டில் இறங்கி பாகூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். கடலூர் ரோடு, லாரி சத்தம் காதைப் பிளக்கிறது. உன் அம்மா அந்த இரைச்சலில் என் காதருகே கத்தினாள். "கல்யாணத்துக்கு நேந்துக்கினது ஒடம்பு நல்லாருந்தப்ப சரி. இப்ப இன்னாத்துக்கு? சாமி கேட்டுதா உன்ன?" நான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். கல்யாணத்துக்கு இல்லை, பாப்பா சொன்ன வைத்தியம் இது, பட்டினி போட்டால் கெட்டதைத் தின்றுவிடும் என்று அவளே சொன்னாள் என்றேன். உன் அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். இரண்டு பஸ் வந்து போயிற்று.

"நீதான் மோட்டாரப் போட ஓடிட்டியே" என்றாள். "அவ மீதியையும் சொன்னாளே. நான் கேட்டுக்கினு இருந்தேனே. அதே வெள்ளத்துல வூட்டுக்குள்ள ஒரு திருடன் பூந்துக்கினான்னு வெச்சிக்கம்மான்னா. அவனுந்தான் அந்தக் கட்டிலு கதவெல்லாம் ஒடச்சி அடுப்புல போட்டு, குளுரு காஞ்சிக்கினு உள்ளயே ஒக்காந்துக்கினு இருப்பான்னா. புத்துநோயி வந்து குந்திட்டா அதுக்கும் அதே வித்த தெரியுமாம். அதப் பட்டினி போட்டா தன்னயே கொஞ்சம் தின்னு தாக்குப் புடிச்சிக்குமாம். மருந்து குடுத்தாக்கூட சிலது அப்புடித் தப்பிச்சிக்குமாம். அத எப்பத் தடுக்கணும், எப்ப வுடணும்னு இன்னும் தேடினுதான் இருக்கறாங்களாம். பட்டினி கெடந்தா போயிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதம்மான்னு ரெண்டு வாட்டி சொன்னா. ரெண்டு வாட்டி!"

ஒரே கூரைக்குக் கீழே ஒரு வருஷம் இருந்திருக்கிறோம். எனக்கு முன்பாதி தெரியும், அவளுக்கு முழுசும் தெரியும். நான் ஏன் சாப்பிடவில்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பாள். இவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று முப்பது வருஷமாக நினைத்து வந்தவன் நான். நீ எதிர்காலத்தில் யாரோடு குடித்தனம் நடத்தினாலும் சரி, உனக்கு வலிக்கிறதை அவனிடம் சொல்லிவிடு. அவனுக்கு வலிக்கிறதையும் கேட்டு வாங்கு. கல்யாணத்துக்கு நான் உனக்குக் கொடுக்கிற புத்தி இது ஒன்றுதான்.

உன் அம்மா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. எதிர் கடைக்குப் போய் ஒரு டம்ளர் பாலை வாங்கி, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, என் கையில் கொடுத்தாள். ரோட்டோரமாக நின்றபடியே குடித்தேன். ஒவ்வொரு மடக்கும் புண்ணில் பட்டு உயிர் போயிற்று. அவள் புடவைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டாள். எத்தனையோ பேர் பார்த்தார்கள். இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து அங்கேயே சாக்கடையில் போட்டேன். அன்றிலிருந்து தொடவில்லை. தினம் நூறு தடவை கை இடுப்புக்குப் போகிறது, அது வேறு கதை.

அடுத்த தடவை டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "நான் பட்டினி கெடந்ததாலதான் இது வளந்துச்சா?" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். "இதைக் கொண்டாந்தது போயில. வளர வுட்டது, நீங்க வராம இருந்தது. பட்டினி உங்க தெம்பைத்தான் தின்னுச்சு" என்றார். இதை இரண்டு முறை படி, பாப்பா. உன் வாயிலிருந்து வந்த வார்த்தை எதுவும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. நீ முழுசாகச் சொன்னாய். நான் பாதியில் எழுந்து ஓடினேன். உன் அப்பன் வாயில் வந்ததற்கு உன் அப்பன்தான் காரணம். நாளைக்கு எனக்கு என்ன ஆனாலும், வியாழக்கிழமை மேஜையிலேயே என் கதை முடிந்தாலும், இது மாறாது. அதனால்தான் எழுத்தில் கொடுக்கிறேன். எப்போதாவது மனசு அலைக்கழிந்தால் எடுத்துப் பார்.

வேலையை மட்டும் விட்டுவிடாதே. அந்தத் திருடன் உள்ளே எப்படிக் குளிர் காய்கிறான், அடுப்பை எப்போது அணைத்தால் வெளியே வருவான் என்று நீங்கள் தேடுவதெல்லாம் இப்போது என் நாக்கு ஓரத்தில் நடக்கிறது. ஊர்க்காரர்களிடம் பேசப் பயந்து வாயை மூடிக்கொள்ளவும் செய்யாதே. சொல். என்னைப் போல ஒருவன் நடுவில் எழுந்தால் சட்டையைப் பிடித்து உட்கார வை. இந்தக் கடிதத்தையும் ஒளித்து வைக்க வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு. முதலில் உன் மாமனுக்கு. கன்னத்தில் ஒளித்து வைத்தது போதும்.

பயமாக இருக்கிறது, பாப்பா. அதை மறைக்க மாட்டேன். காலையில் எழுந்ததும் உன் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் வருகிறதா என்று. இன்றைக்கும் வந்தது, கொஞ்சம் குழறலாக. வியாழனுக்குப் பிறகு எப்படி வருமோ தெரியாது. ஆனால் எடை ஏறியிருக்கிறது. இப்போதுகூட எதிரில் கேழ்வரகுக் கஞ்சியும் மசித்த முட்டையும் வைத்துக்கொண்டு உன் அம்மா காவல் இருக்கிறாள். பசு என்னைப் பார்த்து ஏமாந்து நிற்கிறது.

எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். படித்ததும் நீ போன் செய்வாய். அழுதால் அழு, அதற்குப் பிறகு அந்த மத்தியானம் விட்ட இடத்திலிருந்து சொல். உன் அம்மா சொல்லிக் கேட்டுவிட்டேன், ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும். என்னால் திருப்பிப் பேச முடியாமல் போகலாம். காது நன்றாக இருக்கிறது.

இதோ, மோட்டார் கொட்டகையில் சிவப்பு பல்பு எரிகிறது. மூன்று நாளைக்குப் பிறகு இப்போதுதான் லைன் வந்திருக்கிறது. உன் அம்மா பல்பைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். எரியட்டும். நான் எழுந்திருக்கவில்லை. நீ 'ஆனா'விலிருந்து சொல்லு.

அப்பா